குதிரைப் பயிற்சி முகாமுக்கு முதல்முறை போகிறீர்களா? தரையில் கற்க வேண்டியவை

நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப் முகாமுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்களில் பலருக்கு முதல் நாளே முகம் சுருங்கிவிடும். சேணத்தைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, குதிரையைப் பின்னால் நகர்த்து, பக்கவாட்டில் திருப்பு என்று நாள் முழுக்கத் தரையிலேயே வேலை நடக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், முறையே அதுதான். அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளில் டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்ற குதிரைப் பயிற்சியாளர்கள் கையாண்டதை, பிறகு பாட் பரேல்லி என்ற பயிற்சியாளர் 'ஏழு விளையாட்டுகள்' என்ற தரைப் பயிற்சிகளாக வகுத்துப் பரப்பினார். அடித்து வழிக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, லேசாக அழுத்தம் கொடுத்து, குதிரை சரியானதைச் செய்த நொடியில் அழுத்தத்தை விலக்குவதுதான் இதன் அடிப்படை.

முகாம் வேலூர்ப் பக்கத்துப் பண்ணையில் நடந்தாலும் சரி, பெங்களூருக்கோ சென்னைக்கோ போனாலும் சரி, கீழே உள்ளவை பொருந்தும்.

1. கிளம்பும் முன்

கணுக்காலை மூடும் தோல் ஷூ வேண்டும். அடிப்பாகம் வழவழப்பாக, குதி இரண்டு சென்டிமீட்டராவது உயரமாக இருக்கட்டும். பிறகு ஏறும் கட்டம் வரும்போது, பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) முழுதாக நழுவிச் சிக்காமல் தடுப்பது அந்தக் குதிதான். ஆம்பூர்க் கடைகளில் தேடினால் இப்படி ஒன்று கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூ, செருப்பு இரண்டும் வேண்டாம். குளம்பு காலில் ஏறினால் என்ன ஆகும் என்பதை மிதி வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பைக் ஹெல்மெட் எதற்கும் உதவாது. கனம் அதிகம், பக்கப் பார்வையையும் காதையும் மறைக்கும். குதிரையேற்ற ஹெல்மெட் முகாமிலேயே கொடுப்பார்களா என்று முன்பே கேளுங்கள். கையுறை அவசியம். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பாருங்கள். குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும்.

மாதத்தைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் நடக்கும் முகாம் என்றால் வகுப்பு காலை எத்தனை மணிக்கு முடியும் என்பதுதான் முதல் கேள்வி. ஒன்பது மணிக்கு மேலும் வெட்டவெளியில் குதிரையை ஓடவிடுகிறார்கள் என்றால் யோசிக்கலாம். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிழலில் பத்து நிமிடம் நின்ற பிறகும் எண்ணிக்கை 40க்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு வேலை போதும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும்.

2. பக்கத்தில் போவது

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. தோளை நோக்கிச் சாய்வாக நடங்கள், நடக்கும்போதே பேச்சுக் கொடுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டால் நின்றுவிடுங்கள். உங்கள் பக்கம் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்குங்கள். பெரும்பாலும் அதுவே எட்டி முகர்ந்து பார்க்கும். புறங்கையை நீட்டுங்கள், பிறகு தோளைத் தடவுங்கள். மூக்கைத் தட்டிக் கொஞ்சுவது மனிதருக்குத்தான் பிடிக்கும். வெல்லம், கேரட் எதையும் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பை எங்கே இருக்கிறது என்று பல்லால் தேட ஆரம்பித்துவிடும்.

3. தலைக்கயிறு மாட்டுவது

இங்கே கடிவாளம் கிடையாது. முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்று ஹால்ட்டரும், அதன் கீழே பன்னிரண்டு அடி நீளக் கயிறும்தான். குதிரையின் இடப்பக்கம் நின்று மூக்கை நுழையுங்கள். நீள முனையைக் காதுக்குப் பின்னால் சுற்றி எடுத்து, கண்ணியில் விட்டு, கண்ணிக்குக் கீழே முடிச்சுப் போடுங்கள். கண்ணிக்கு மேலே போட்டால் இழுபட்டு இறுகும், அவிழ்க்க முடியாது. முனை கண்ணில் படாதபடி கழுத்துப் பக்கம் தொங்க வேண்டும். மூக்குக் கயிறு கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே, கெட்டி எலும்பின் மேல் இருக்கட்டும். நாசித் துவாரத்துப் பக்கம் இறங்கினால் அங்கே குருத்தெலும்புதான், மூச்சும் தடைப்படும்.

கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. மடித்து மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு, குதிரை மிரண்டு ஓடும்போது விரலையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

4. பின்னால் நகர்த்துவது

முகாமில் கற்க வேண்டியதில் பாதி இதற்குள் இருக்கிறது.

குதிரைக்கு முன்னால், சற்றே ஒரு பக்கமாக, ஆறடி தள்ளி நில்லுங்கள். கயிறு லேசாகத் தொய்ந்திருக்கட்டும். முதலில் விரலை மட்டும் ஆட்டுங்கள். மூன்று நொடி பொறுத்து மணிக்கட்டு, பிறகு முழங்கை, கடைசியில் முழுக் கை. குதிரை அசைந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அடி எடுத்து வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதல் தடவை எடை பின்னங்காலுக்கு மாறும், மார்பு அரை அங்குலம் பின்னால் போகும். அதுவே போதும், கை கீழே இறங்க வேண்டும். அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். உதட்டை நக்கும், மெல்லும், தலையைத் தாழ்த்தும். இறுக்கம் தளர்வதன் அடையாளம் அது.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. கயிறு ஆடியதும் குதிரை வெடுக்கென்று தலையைத் தூக்கும். பயந்து கையை நிறுத்திவிடுவோம். "தலையைத் தூக்கினால் தொல்லை தீரும்" என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். தலை எங்கே போனாலும் அதே அளவில் ஆட்டிக்கொண்டே இருந்து, கால் பின்னால் போனதும் நிறுத்துங்கள். இன்னொன்று, ஆசை. ஓர் அடி போனதும் இன்னும் இரண்டு அடி போகட்டும் என்று ஆட்டுவது. செய்தாலும் விடமாட்டார்கள் என்று புரிந்துகொண்ட குதிரை எதையும் செய்யாது.

நம் பக்கத்தில் முகாமுக்கு வரும் குதிரை, கல்யாண ஊர்வலங்களில் பழகியதாகவும் இருக்கலாம். கயிற்றில் அசைவு தெரிந்ததும் அது முன்னங்காலைத் தூக்கி ஆடத் தொடங்கினால் சண்டித்தனம் என்று நினைக்காதீர்கள், கற்ற பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. அதற்கு விரல் அசைவோடு நிறுத்தி, இன்னும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

5. பின்புறத்தைத் திருப்புவது

தோளுக்கு அருகே நின்று மூக்கை உங்கள் பக்கம் சிறிது வளையுங்கள். இடுப்பைப் பார்த்தபடி கயிற்று நுனியை அந்தத் திசையில் சுழற்றுங்கள். உங்கள் பக்கத்துப் பின்னங்கால் மற்றக் காலுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும், அப்போது விடுங்கள். குறுக்கே போகாமல் வெறுமனே பின்னால் நகர்ந்தால் நீங்கள் முன்பக்கமாக அதிகம் போய்விட்டீர்கள் என்று பொருள். தோளை விட்டு இடுப்புப் பக்கம் நகராதீர்கள், அது உதை எட்டும் இடம். பிறகு ஏறி உட்காரும் கட்டத்தில், ஓடும் குதிரையை நிறுத்த உதவும் பிரேக் இதுதான்.

6. மற்றவை

வட்டத்தில் ஓடவிடுவது, குச்சி நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக் காட்டிப் பயம் தெளிவிப்பது ஆகியவற்றைப் பயிற்சியாளர் கூடவே நின்று செய்யவைப்பார். பை விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குதிரை விலகி ஓடும்போது பையைக் கீழே போடாதீர்கள், நின்றதும் போடுங்கள்.

வகுப்பு முடிந்து வேலிக்குள் விடும்போது, உள்ளே நுழைந்ததும் குதிரையை வாசல் பக்கம் உங்களைப் பார்க்கத் திருப்பிவிட்டுத்தான் தலைக்கயிறை அவிழ்க்க வேண்டும். முகம் உள்பக்கமாக இருக்கும்போதே அவிழ்த்தால், விடுதலையான மகிழ்ச்சியில் துள்ளி ஓடும் பின்னங்கால்கள் உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்கும்.