புது டிசைன் வீட்டில் பழைய ஒழுகல்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கோயம்புத்தூரைச் சுற்றி இப்போது எழும்புகிற தனி வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. பெட்டி போல பாக்ஸ் டைப் எலிவேஷன் (முகப்பு), ஹாலில் இரண்டு மாடி உயரத்துக்கு டபுள் ஹைட், ஒவ்வொரு பெட்ரூமுக்கும் அட்டாச்டு பாத்ரூம், கீழ்த்தளம் முழுக்க ஃபால்ஸ் சீலிங். டிசைன் மாறிவிட்டது, சைட்டில் நடக்கிற கூத்து மட்டும் மாறவே இல்லை. எங்கள் செட் ஆட்கள் செய்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சொந்தக் காசு போட்டுச் சரிசெய்து கற்றுக்கொண்ட அதே விஷயங்களைப் புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிமெண்ட் மூட்டையில் தேதி பார், கம்பியில் துரு பார், எம்-சாண்டைக் கையில் தேய்த்துப் பார் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது வீடு கட்டாதவர்களுக்கே தெரியும். எனக்கு எரிச்சல் மூட்டுகிற முதல் விஷயத்துக்கே நேராகப் போகிறேன், அதுதான் கொஞ்சம் நீளம்.

மாடி பாத்ரூமைத் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் மூடுவது

மாடி பாத்ரூமுக்கு ஸ்லாப்பை ஓர் அடி கீழே இறக்கிப் போடுவோம், சன்கன் ஸ்லாப். கழிவு பைப்புகள், தரைத் தண்ணீர் இறங்குகிற ட்ராப் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போகும், மேலே ஏதாவது நிரப்பி டைல்ஸ் ஒட்டுவோம். ஒட்டி முடித்த பிறகு அது நாலு பக்கமும் அடைத்த ஒரு தொட்டி. டைல்ஸ் இடுக்கில், ட்ராப் விளிம்பில், வாசல் படிக் கல்லுக்கு அடியில் என்று தினமும் குளிக்கிற தண்ணீர் துளித்துளியாக அதற்குள் இறங்கும், வெளியே போக வழி கிடையாது. ஒழுகாது என்று நம்பி மூடுகிறோமே தவிர, பெரும்பாலான சைட்டில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

போன மழைக்காலத்தில் சரவணம்பட்டி பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். குடியேறி மூன்று வருடம்கூட ஆகாத வீடு, நான் கட்டியதில்லை. புகார் என்ன தெரியுமா? கிச்சன் லாஃப்ட் கதவு சரியாக மூடவில்லை. ஆசாரி வந்து கீல் மாற்றியிருக்கிறார், கதவை இழைத்திருக்கிறார், மறுபடி கீல் மாற்றியிருக்கிறார். பிளைவுட் ஓரத்தை நகத்தால் அழுத்தினால் ஊறின ரஸ்க் போல உள்ளே போகிறது. நேர் மேலே மாடி பாத்ரூம். ஜிப்சம் போர்டில் ஒரு துண்டை அறுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்லாப் அடிப்பக்கம் கறுத்து, ஓரிடத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. ஃபால்ஸ் சீலிங் இல்லாத பழைய வீடாக இருந்திருந்தால் முதல் வருடமே சீலிங்கில் திட்டுத்திட்டாகத் தெரிந்திருக்கும், அம்மணி அண்ணாந்து பார்த்து மேஸ்திரிக்கு போன் போட்டிருப்பார். இப்போது அழகாக மூடி, எல்இடி லைட்டும் போட்டுவிடுகிறோம். விஷயம் தெரிய வரும்போது கம்பி போய்விட்டது.

சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டார்கள். மாடி பாத்ரூம் மொத்தத்தையும் உடைக்க வேண்டும். டைல்ஸ், சுவரில் தொங்குகிற க்ளோசெட், அதற்குப் பின்னால் சுவருக்குள் இருக்கிற ஃப்ளஷ் டேங்க், குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணீரை மாற்றிவிடுகிற டைவர்ட்டர், எல்லாம். பள்ளத்தில் நிரப்பியிருந்ததை அள்ளினால் உடைந்த செங்கல், பூச்சு வேலையில் விழுந்த கலவை, சிமெண்ட் பை, ஒரு பிஸ்கட் கவர். அத்தனையும் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. அந்த நாலுக்கு ரெண்டு டைல்ஸ் டிசைன் மார்க்கெட்டிலேயே இல்லை, வீட்டில் ஒரு பெட்டிகூட மீதி வைக்கவில்லை, ஆக சுவர் டைல்ஸும் சேர்த்து மாற்றினார்கள். கட்டும்போது ஒரு சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியதை லட்சக்கணக்கில் கொண்டுபோய்விட்டார்கள். அதுவும் கீழே கிச்சன் கணக்கு தனி.

ஏன் இப்படி ஆகிறது? கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்துப் பத்திரிகை அடித்தாயிற்று. கடைசி மாதத்தில் பிளம்பர், டைல்ஸ்காரர், பெயின்டர் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி வேலை பார்ப்பார்கள். பாத்ரூமில் மூன்று நாள் தண்ணீர் நிறுத்தி வைக்கணும் என்று சொன்னால் "அண்ணா, அதெல்லாம் வாட்டர்புரூஃப் அடிச்சாச்சுங்ணா" என்பான் தம்பி. என்ன அடித்தாய் என்று கேட்டால், கலவையில் ஒரு பாட்டில் லிக்விட் ஊற்றியதைத்தான் சொல்கிறான். அது கலவை தண்ணீர் குடிப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதை நம்பி பாத்ரூமை மூடக்கூடாது.

ஒழுங்காகச் செய்ய இதுதான் வரிசை. முதலில் பைப்புக்கான ஓட்டைகள். சுத்தியலும் உளியும் வைத்துக் குத்தாமல் வட்டமாக அறுக்கிற கோர் கட்டிங் மெஷினில் போடுங்கள், பைப் வைத்த பிறகு சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத க்ரௌட் கலவை போட்டு அடைக்க வேண்டும். ஸ்லாப்பில் கல் தெரிகிற இடங்களையும் அடைத்துவிட்டு, தரையும் சுவரும் சேர்கிற மூலையைக் கலவையால் வளைவாக உருட்டி விடுங்கள், கோட்டிங் விரிசல் விடுகிற முதல் இடம் அந்த மூலைதான். அப்புறம் வாட்டர்புரூஃப் கோட்டிங் இரண்டு கை, முதல் கை கிழக்கு மேற்காக அடித்தால் இரண்டாம் கை வடக்கு தெற்காக. பள்ளத்துக்குள் மட்டும் நிறுத்தாமல், முடிந்த தரைக்கு மேலே ஓர் அடியாவது சுவரில் ஏற வேண்டும், ஷவர் வருகிற சுவரில் தலை உயரத்துக்கு.

காய்ந்ததும் பைப் வாய்களை அடைத்துவிட்டுத் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம் குறைந்தபட்சம், 72 கிடைத்தால் நல்லது. சுவரில் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள், பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் குறையத்தான் செய்யும். பக்கெட்டில் குறைந்த அளவுதான் பள்ளத்திலும் குறைந்திருக்கிறது என்றால் பிரச்சினை இல்லை, அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் எங்கேயோ போகிறது. கீழே போய் ஸ்லாப் அடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஃபால்ஸ் சீலிங்காரரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

இரண்டு விஷயம் இதில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு சின்ன பைப். எப்போதாவது உள்ளே தண்ணீர் சேர்ந்தால் வெளியே சொட்டிக் காட்டிக் கொடுக்கும். இரண்டாவது, நிரப்பிய பிறகு மேலே போடுகிற தளத்துக்கும் ட்ராப்பை நோக்கி வாட்டம் கொடுத்து, இன்னொரு கோட்டிங் அடித்த பிறகுதான் டைல்ஸ். கீழே மட்டும் அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகு தடுக்கிற ஏற்பாடுதான் அது. இறங்கவே விடாமல் தடுப்பது இந்த மேல் கோட்டிங்தான்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு பிளம்பர் வந்து "ட்ராப் ரெண்டு இஞ்ச் தள்ளி வரணும்" என்று உளியை எடுப்பார். அந்த உளியைப் பிடுங்கி வைப்பதும் இன்ஜினியர் வேலைதான். சுவருக்குள் போகிற பைப்புகளுக்கும் இதே கதை. கேஜ் மாட்டி, கை பம்பில் பிரஷர் ஏற்றி ஒரு ராத்திரி விட்டு, காலையில் முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் பூச வேண்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், நாளைக்கு டவல் கம்பி மாட்ட டிரில் போடும்போது உங்களை வாழ்த்துவார்.

சன்ஷேடை வெட்டிவிடுவது

எலிவேஷன் 3டி படத்தில் ஜன்னலுக்கு மேலே எதுவும் துருத்திக்கொண்டு இருக்காது, பார்க்க சுத்தமாக இருக்கும். அந்தப் படம் வரைந்தவர் ஆனி ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் நின்றதில்லை. சாரல் மேலிருந்து விழாமல் படுக்கை வாட்டில் மேற்குச் சுவரில் அடிக்கும். சன்ஷேடும் இல்லை, ஸ்லைடிங் யுபிவிசி ஜன்னல் வேறு என்றால் கீழ்த் தடத்தில் தண்ணீர் நிரம்பி உள்ளே வழியும். தண்ணீர் வெளியேற அந்தத் தடத்திலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பெயின்டரோ ஜன்னல் மாட்டுகிறவரோ அதையும் சிலிகான் வைத்து அடைத்திருப்பார், போய்ப் பாருங்கள்.

சன்ஷேடு பிடிக்கவில்லை என்றால் ஜன்னலைச் சுற்றி ஒன்றரை அடி நீட்டி ஒரு ஃப்ரேம் போடுங்கள், பாக்ஸ் டிசைனுக்கு அதுவும் பொருந்தும். அடியில் வருகிற கிரானைட் பலகை வெளிப்பக்கம் சாய்வாக இருக்கட்டும், அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளக் கோடு) வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கல்லோடு ஒட்டிக்கொண்டு சுவருக்குத் திரும்பி வந்துவிடும். மேற்கு வெயில் ஏசி பில்லில் என்ன செய்யும் என்பது வீட்டுக்காரருக்கே சித்திரையில் புரியும்.

ஏஏசி பிளாக்கைச் செங்கல் மாதிரி கட்டுவது

ஏஏசி என்பது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் பிளாக். பிளாக் நல்லதுதான், எடை குறைவு, வேலை வேகம். ஆனால் செங்கல் கட்டிப் பழகிய கொத்தனார் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அரை இஞ்ச் கலவை வைத்துக் கட்டுவார். குடித்த தண்ணீர் காயும்போது சுவர் சுருங்கும், பூச்சு முழுக்கக் கோடு கோடாக விரிசல். மேல்பரப்பை லேசாக நனைத்தால் போதும், மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பசை தடவிக் கட்டுவதுதான் முறை. பில்லரும் பிளாக்கும் சேர்கிற இடத்தில் வலை அடிக்காமல் பூசாதீர்கள். எலெக்ட்ரிகல் பைப்புக்கு மெஷினில்தான் வெட்ட வேண்டும், சுத்தியலால் தட்டினால் பாதி பிளாக் கையோடு வரும். கீசர், தொங்கு க்ளோசெட் மாதிரி கனமானதை எந்தச் சுவரில் மாட்டப் போகிறோம் என்று முன்பே முடிவு செய்யுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பிளக் அங்கே நிற்காது.

கியூரிங்

கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருப்பதுதான் கியூரிங். இப்போது வாங்குகிற சிமெண்ட் பெரும்பாலும் பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 அதற்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது, வெயில் காலத்தில் 14. வாட்ச்மேன் காலையில் ஹோஸ் பிடித்துவிட்டுப் போவது கியூரிங் ஆகாது.

ஓப்பன் கிச்சன்

தினமும் தாளிக்கிற வீடு என்றால் வேண்டாம்.

பழைய வீட்டில் சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்குவது

எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய வீடுகளில் பலவற்றுக்கு பில்லரே கிடையாது. ஒன்பது இஞ்ச் சுவர்தான் ஸ்லாப்பைத் தாங்குகிறது. நடுச்சுவரை இடித்துவிட்டு அப்புறம் கர்டர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், சுவர் இருக்கும்போதே இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்து முட்டு நிறுத்தணும் என்று சொன்னால் வாடகைக் கணக்கு பார்க்கிறார்கள். அந்தச் சுவருக்கு நேர் மேலே மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. இந்த மாதிரி வீட்டில் மாடி எழுப்புவது என்றாலும் சரி, சுவர் எடுப்பது என்றாலும் சரி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து, அஸ்திவாரத்தை ஓர் ஓரமாகத் தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாட்ஸப் போட்டோவைப் பார்த்துச் சொல்கிறவர் வேண்டாம்.

சதுர அடி ரேட்

ரேட்டை மட்டும் கேட்காதீர்கள். எதை எந்த அளவில் போடுவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

சுயசான்று அனுமதியை எப்படியும் கட்டலாம் என்கிற லைசென்ஸ் என்று நினைப்பது

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டத்தில், விதிப்படி கட்டுகிறேன் என்று நாமே சான்று கொடுத்தால், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்பு அலைந்த அலைச்சலுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதற்காக 2019 கட்டட விதிகள் கேட்கிற பக்க இடைவெளியை விழுங்கிக் கட்டுகிறார்கள். விதிப்படி கட்டுகிறேன் என்று சான்று சொன்னதே நீங்கள்தான். பேங்க் லோனுக்கு மதிப்பீடு செய்ய வருகிறவர் டேப்போடுதான் வருவார்.

கன்னி மூலைத் தொட்டியும் சோலாரும்

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருகிறது, அதனால் எல்லாரும் குடியேறிய பிறகு சோலார் கேட்கிறார்கள். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் படாத இடம் வேண்டும். நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? வாஸ்துப்படி தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், ஹெட்ரூம் (மாடிப்படி மேலே வந்து முடிகிற அறை), அதன் தலையில் தண்ணீர் தொட்டி. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது அந்த நிழல் மதியத்துக்கு மேல் அப்படியே மொட்டை மாடியின் குறுக்கே விழும். வரிசையில் ஒரு பேனலில் நிழல் பட்டாலே மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிவாங்கும். தொட்டியை இப்போது நகர்த்தச் சொன்னால் யார் கேட்பார்கள், வாஸ்துக்காரர் ஒருபக்கம், மாமியார் ஒருபக்கம்.

மூலையை மாற்றச் சொல்லவில்லை. தொட்டியை ஹெட்ரூம் மேல் ஏற்றாமல், பிரஷர் வேண்டுமானால் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் போட்டுக்கொண்டு, உயரத்தைக் குறைத்துக் கட்டலாம். அல்லது பேனல் ஃப்ரேமை ஏழெட்டடி தூக்கிப் போட்டால் அடியில் துணி காயப்போடவும் இடம் கிடைக்கும், அதற்கான பில்லர் கம்பியை ஸ்லாப் போடும்போதே விட்டுவிட வேண்டும். எப்படியும் ஹெட்ரூம் கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன் சோலார்காரரை ஒருமுறை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மீட்டர் போர்டிலிருந்து மொட்டை மாடிக்கும் (நாளைக்கு மின்சார காருக்கு சார்ஜ் போட) கார் நிறுத்துகிற இடத்துக்கும் ஒவ்வொரு காலி பைப் அன்றைக்கே விட்டுவிட்டால், பிறகு பெயின்ட் அடித்த சுவரைக் கீற வேண்டியிருக்காது.