பெட்டியைத் திறந்ததும் அடுக்கத் தொடங்காதீர்கள்: பெண்கள் வரலாற்றுக் காப்பகத்தில் இன்டர்ன்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் காப்பகத்துக்கு நாலைந்து மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். வரலாறு, சமூகவியல், இதழியல், சில வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள்கூட. எல்லாருமே ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. காலையில் ஒரு பெட்டியைக் கொடுத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிவிட்டு, பாராட்டுக்காக நம் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் பாட்டியின் தகர டிரங்குப் பெட்டியை அப்படியே கொடுத்திருந்தது. உள்ளே துணி நாடாவால் கட்டிய சின்னச் சின்னக் கட்டுகள். வந்த மாணவர் எல்லா நாடாவையும் அவிழ்த்து, கடிதங்களைக் கடிதங்களோடும் ரசீதுகளை ரசீதுகளோடும் சேர்த்து அழகாக அடுக்கிவிட்டார். நல்லவேளை, பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு கட்டையும் நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு கட்டில் மூன்றே காகிதங்கள்: இப்போது பணம் அனுப்ப முடியாது என்று அண்ணன் எழுதிய கடிதம், இரண்டு வளையலுக்கான அடகுச் சீட்டு, மகளுடைய கல்லூரிக் கட்டண ரசீது. அந்தப் பாட்டி டைரி எழுதியவர் இல்லை. அந்த வருடம் தன் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் பதிவு செய்த ஒரே வழி, அந்த மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான்.

உடையவர் வைத்திருந்த இந்த வரிசையைக் காப்பகத் தொழிலில் அசல் வரிசை என்பார்கள். அதைக் கலைக்கக் கூடாது என்பது எல்லாக் காப்பகத்துக்கும் விதிதான். ஆனால் பெண்களின் காகிதங்களில் இதன் கனம் அதிகம். அமைச்சரின் கோப்பு கலைந்தால் அரசாணையிலும் செய்தித்தாளிலும் வேறு தடயம் கிடைக்கும். இந்தப் பாட்டிக்கு வேறெங்கே கிடைக்கும்? ஆகவே முதலில் இருந்தது இருந்தபடி போட்டோ. அப்புறம் ஒவ்வொரு தாளின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண். அடுக்குவதைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான், அதுவும் பொறுப்பாளரைக் கேட்டுவிட்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, 'குப்பை' என்று ஒதுக்குவது. பால் கணக்கு நோட்டு, கோல நோட்டு, சமையல் குறிப்பு, பத்திரிகையிலிருந்து கத்தரித்த தையல் படம் எல்லாம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டாமல் மூடாதீர்கள். பாட்டு, வேண்டுதல், யாருக்கும் அனுப்பாத கடிதம் எல்லாம் அங்கேதான் இருக்கும். நடுப்பக்கத்தில் எழுதினால் வீட்டில் யாராவது படித்துவிடுவார்களே!

அடுத்தது பெயர். நம் ஊரில் பெண்ணின் இனிஷியல் கல்யாணத்தோடு மாறுவது வழக்கம். அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வரும். இதை மறந்தால் ஒரே பெண் கேட்டலாகில் இரண்டு ஆளாகிவிடுவார்; மணத்துக்கு முன்பு படித்தவர் ஒருவர், பின்பு சங்கம் நடத்தியவர் வேறொருவர். 115 நாவல்கள் எழுதி ஜகன்மோகினி இதழை நடத்திய வை.மு.கோதைநாயகியின் பெயரில் உள்ள 'வை.மு.' கணவர் வீட்டிலிருந்து வந்ததுதான். மருத்துவர் முத்துலட்சுமி 1914இல் மணம் செய்த பிறகே முத்துலட்சுமி ரெட்டி ஆனார். 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குப் போன அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அவருடைய படிப்புக் காலம் கையில் சிக்காது. ஆங்கில எழுத்தில் 'ரெட்டி'க்கே இரண்டு விதம் புழக்கத்தில் உண்டு, இரண்டையும் போட்டுத் தேட வேண்டும்.

'திருமதி ராமசாமி' என்று மட்டும் தாளில் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, நன்கொடை ரசீது, சங்க உறுப்பினர் பதிவேடு எங்காவது அவருடைய சொந்தப் பெயர் இருக்கும். குரூப் போட்டோவில் 'மற்றும் பெண்கள்' என்று விளக்கம் எழுதுவதை நான் ஏற்பதே இல்லை. 'இடமிருந்து மூன்றாவது, பெயர் தெரியவில்லை' என்று எழுதினால் நாளைக்கு ஒரு பேத்தி வந்து அந்த இடத்தை நிரப்ப வழியிருக்கும்.

புனைபெயரில் இந்தச் சிக்கல் தலைகீழாகும். பெண் பெயரைப் பார்த்ததும் பெண் எழுத்தாளர் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். சுஜாதா என்பது ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் எழுதியது என்று தெரியாத மாணவர்களும் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பிறந்தது 2005இல். புஷ்பா தங்கதுரையும் ஆண்தான். அதே சமயம் அம்பை என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் சி.எஸ்.லக்ஷ்மி. 1988இல் மும்பையில் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் இருவரோடும் சேர்ந்து ஸ்பாரோ என்ற பெண்கள் காப்பகத்தை நிறுவியவர். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அந்தக் காப்பகத்தைப் பற்றியாவது கொஞ்சம் படித்துவிட்டு வரலாம்.

தேதியில் விழாதவர்களே கிடையாது, நானும் விழுந்திருக்கிறேன். பழைய கடிதங்களில் பெரும்பாலும் தமிழ் வருடம்தான் இருக்கும், அதுவும் ௵, ௴, ௳ என்ற குறிகளோடு. முறையே வருடம், மாதம், தேதி. ஒரு கார்டில் 'சர்வஜித்து தை' என்று இருந்தது. மாணவி நெட்டில் தேடிப் பார்த்து 1947 என்று பதிந்துவிட்டார். கார்டில் இருந்த விஷயமோ, காந்தி சுடப்பட்ட செய்தி கேட்டு அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்பது. எங்கள் கேட்டலாகின்படி அந்தப் பெண் காந்திக்காக ஒரு வருடம் முன்னதாகவே துக்கம் காத்திருந்தார்!

தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே சர்வஜித்து ஆவணி 1947, சர்வஜித்து தை 1948. மார்கழிப் பாதியிலிருந்து பங்குனி வரைக்கும் எப்போதும் ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இதைத் தவிர அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1887, 1947, 2007 மூன்றுமே சர்வஜித்து தொடங்கிய வருடங்கள். எந்தச் சுற்று என்பதைத் தபால் முத்திரை, ஸ்டாம்பில் இருக்கும் தலை, காகிதம் இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். தாளில் இருப்பதை ஒரு கட்டத்திலும் நீங்கள் கணித்ததை வேறு கட்டத்திலும் எழுதுங்கள். கடிதத்தின் உச்சியில் இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதைத் தமிழ் எண்ணாக எடுத்துக்கொண்டு 'பக்கம் 2' என்று பதிந்து, காணாமல் போன முதல் பக்கத்தை அரை நாள் தேடியவர் ஒருவர் உண்டு.

சில்லறைத் தவறுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருகிற மாதிரி வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு பழைய தாளைப் புரட்ட வேண்டாம். விரலுக்கு உணர்வு தெரியாமல் ஓரம் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். கையுறை போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும். மேசையில் பேனா கூடாது, டீ கூடாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். இராமபாணப் பூச்சியைப் பார்த்தால் ஸ்பிரே அடிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது வெற்றுப் பக்கம் என்று பின்பக்கத்தை விடாதீர்கள்.

வாய்மொழி வரலாறு பதிவு செய்ய அனுப்பினால் முதல் எதிரி மின்விசிறி. அறையில் கேட்காத இரைச்சல் ரெக்கார்டரில் கேட்கும். இரண்டாவது எதிரி, அன்போடு பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லும் மகன். அவரை வேறு அறையில் காபியோடு உட்கார வைக்க ஒரு ஆள் கூட வர வேண்டும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் பெரிய தவறு கேள்வியில்தான். "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க இல்ல, பாட்டி?" என்று கேட்டால் "ஆமா" என்பார், அதோடு முடிந்தது. "போராட்டத்துல உங்க பங்கு என்ன?" என்றால் "நான் என்னத்தப் பண்ணேன், வீட்டுல இருந்தேன்" என்பார். இங்கேதான் பாதிப் பேர் நோட்டை மூடுகிறார்கள். அதற்குப் பதில், "அவங்க ஜெயிலுக்குப் போன அன்னிக்குக் காலைல என்ன சமைச்சீங்க? வீட்டு வாடகையை யார் குடுத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். தலைமறைவாக இருந்தவர்களுக்கு யார் சோறு அனுப்பினார்கள், எந்தத் தெரு வழியாக என்பதெல்லாம் வெளியே வரும். எழுதி எடுக்கும்போது 'எந்திரிச்சு' என்று அவர் சொன்னதை 'எழுந்து' என்று திருத்தாதீர்கள். மௌனத்தையும் எத்தனை விநாடி என்று குறியுங்கள்.

ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துக்கு மட்டும் நீட்டக் கூடாது, வாசித்துக் காட்ட வேண்டும். தன் பெயரை மறைக்கச் சொல்லவும், தான் இருக்கும்வரை யாருக்கும் காட்டாதே என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. ரெக்கார்டரை அணைத்த பிறகு வாசல்படியில் நின்று அவர் சொன்னது உங்களுக்கு மட்டும் சொன்னது. அது ரிப்போர்ட்டில் வரக் கூடாது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அப்படித்தான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ ஒருவருடைய பிரிவுக் கடிதத்தைப் படம் பிடித்துப் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. அந்தக் கடிதத்தின் தாள் காப்பகத்துடையதாக இருக்கலாம். வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. சட்டம் கிடக்கட்டும், அவருடைய பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

கடைசி நாள் கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். எந்தப் பெட்டியில் எத்தனையாவது கட்டில் நிறுத்தினீர்கள், எந்த வருடம் உங்கள் ஊகம், எந்தப் பெயரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினால் போதும். சர்டிஃபிகேட்டுக்காக எழுதும் ரிப்போர்ட்டை நாங்கள் ஒரு முறைதான் படிப்போம். அந்தக் குறிப்பை அடுத்த மே மாதம் வருகிற பிள்ளை தினமும் எடுத்துப் பார்ப்பார்.