குக்கல் கிருமியின் அட்டவணையில் ‘உண்டு’ என்று எழுதுவதற்கு முன்

சென்ற மாதம் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி இரண்டு மாணவிகள் தங்கள் ஆய்வு அட்டவணையை விரித்துக் காட்டினார்கள். பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிய, குக்கல் எனும் கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமியின் ஜீனோம்கள் (முழு டி.என்.ஏ. தொடர்கள்), பல நாடுகளைச் சேர்ந்தவை, அதில் இருந்தன. பெர்டாக்டின் என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: ‘உண்டு’. கலமற்ற தடுப்பூசியை, அதாவது முழுக் கிருமிக்குப் பதிலாக அதன் சில புரதங்களை மட்டும் கொண்டதை, நெடுங்காலமாகப் போட்டுவரும் நாடுகளின் மாதிரிகளுக்கு நேரேயும் அதே சொல்லைக் கண்டபோது, பல வருடங்களுக்கு முன்னர் நானே சமர்ப்பித்த ஓர் அட்டவணை நினைவுக்கு வந்தது. ஆண்டை மாற்றிப் பதிவது, கோப்பின் பெயரைக் குழப்புவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எளிதில் கண்ணில் படாத பிழைகளையே கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வாசிப்புகள் பொருந்தினால் பரம்பரையலகு முழுதாக உள்ளது என்று நம்புவது

பெர்டாக்டின் கிருமியின் மேற்பரப்புப் புரதம். பல கலமற்ற தடுப்பூசிகளில் அதுவும் ஒரு கூறு. அப்புரதத்தை எதிர்க்கப் பழகிய மக்களிடையே அதை உற்பத்தி செய்யாத கிருமிக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், ஜப்பான், பிரான்ஸ், அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அத்தகைய கிருமிகள் பெருகின. ஆனால் பெரும்பாலும் அப்புரதத்துக்கான பரம்பரையலகு (ஜீன்) தொலைந்துபோவதில்லை, ஐ.எஸ்.481 எனப்படும், சுமார் 1,050 எழுத்து நீளமுள்ள, இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு அதன் நடுவே போய்க் குந்திக்கொள்கிறது. அத்துண்டின் 200க்கும் மேற்பட்ட பிரதிகள் இக்கிருமியின் ஜீனோமில் ஏற்கெனவே உள்ளன.

இனி 150 எழுத்து நீளமான வாசிப்புகளை, அதாவது கருவி டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்துத் தரும் தொடர்களை, ஜப்பானில் பிரிக்கப்பட்டு 2003இல் ஜீனோம் வெளியான டொஹாமா வகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரம்பரையலகின் ஒவ்வொரு எழுத்தும் அங்கேயே இருப்பதால் எல்லா இடத்திலும் வாசிப்புகள் பொருந்தும். மென்பொருள் தயக்கமின்றி ‘உண்டு’ என்று எழுதிவிடும். மருதமுனைக் கைத்தறிச் சாரனை நடுவே வெட்டி வேறு துணியை வைத்துத் தைத்தாலும், பழைய இழைகளை மட்டும் எண்ணுபவருக்குக் கணக்குக் குறையாது.

நான் அப்போது வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இருந்தேன். என் அட்டவணை கூட்டமொன்றில் காட்டப்பட்ட பின்னர், பக்கத்து மேசைக்காரர் அதே கிருமிகளில் புரதத்தைச் சோதித்தார். பலவற்றில் எதுவும் தெரியவில்லை. பல வாரத்து வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது அந்த வாரங்கள் அல்ல, சான்று என் கண்முன்னே இருந்தது என்பதுதான். துண்டு புகும்போது புகுந்த இடத்தின் ஆறு எழுத்துகளை இரட்டிப்பாக்கும். பரம்பரையலகின் 1613ஆம் எழுத்தருகே இரு பக்கத்து வாசிப்புகளும் வெட்டுப்பட்டு நின்றன. அந்த ஆறு எழுத்துகளின் மேல் மட்டும் ஆழம், அதாவது ஓரிடத்தில் பொருந்தும் வாசிப்புகளின் எண்ணிக்கை, ஊசிபோல் உயர்ந்திருந்தது. நான் அதைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருந்தேன்.

ஆகவே, வெட்டுப்பட்ட வாசிப்புகளைக் கண்ணால் பாருங்கள். டி.என்.ஏ. கைவசம் இருந்தால் பரம்பரையலகு முழுவதையும் தாண்டி பி.சி.ஆர். செய்யுங்கள், விளைபொருள் ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீண்டிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. மறுபக்கமாக, குறு வாசிப்புகளைக் கோக்கும்போது ஐ.எஸ்.481 வரும் இடமெல்லாம் தொடர் அறுந்துவிடுவதால், மென்பொருள் தரும் ‘இல்லை’ என்ற விடையையும் அப்படியே ஏற்கலாகாது. சில கிருமிகளில் பரம்பரையலகு பழுதின்றி இருக்க, அதை இயக்கும் பகுதி மட்டும் தலைகீழாகத் திரும்பியிருப்பதும் உண்டு.

எந்தத் தடுப்பூசி என்று கேளாமல் காரணம் சொல்வது

நம் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியிலும் 18 மாதத்தில் முக்கூட்டிலும் கிடைப்பது, கொல்லப்பட்ட முழுக் கிருமியாலான முழுக்கலக் கூறு. அது கிருமியின் பல புரதங்களுக்கு எதிராக உடலைப் பழக்குகிறது. கலமற்ற ஊசி போடும் நாட்டின் வரைபை எடுத்து மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ பொருத்துவது தவறு. கலமற்றவையும் ஒரே தன்மையன அல்ல: டென்மார்க் பல ஆண்டுகள் பயன்படுத்தியதில் குக்கலுக்குரிய கூறாக நச்சுப்புரதம் ஒன்றே இருந்தது. மேலும், கிருமி மாறிவிட்டது என்பதும் தடுப்பூசி பயனற்றுப்போனது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதை எழுதும் வழக்கம் வேண்டாம்.

ஒரே ஜீனோம் என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு என்று முடிவுகட்டுவது

இக்கிருமியின் 41 இலட்சம் எழுத்துகளில் வருடத்துக்குச் சுமார் ஓர் எழுத்தே மாறுகிறது. ஆகவே நேரடித் தொடர்பில்லாத இருவரிடமும் ஒரே ஜீனோம் இருக்கலாம்.

ஊசி போடும் மேசையில் மாதிரி எடுப்பது

கூடாது. தடுப்பூசியிலேயே கிருமியின் டி.என்.ஏ. உள்ளது, ஐ.எஸ்.481ஐத் தேடும் பி.சி.ஆர். அதையும் பிடித்துக்கொள்ளும்.

பஞ்சுக் குச்சி

ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்ப்பதற்கான மாதிரியை எடுக்க ஒருபோதும் வேண்டாம்.

பி.சி.ஆர். விடை வந்ததும் வளர்ப்பைக் கைவிடுவது

இருமல் தொடங்கி முதல் இரண்டு வாரங்களுக்குள், அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதற்கு முன்னர் மூக்கின் பின்புறத்திலிருந்து எடுத்த மாதிரியில்தான் கிருமி வளரும் வாய்ப்பு அதிகம். வளர்த்த கிருமி கையில் இல்லாவிட்டால் புரதத்தைச் சோதிக்க வழியில்லை. மாணவிகளிடம் அந்த நிரலை ‘பரம்பரையலகு’, ‘புரதம்’ என இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். “மிஸ், ரெண்டாவதுல எழுத ஒண்டுமில்லையே” என்றாள் ஒருத்தி. கட்டங்களை வெறுமையாகவே விடச் சொன்னேன்.