பைனாகுலரில் சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள், அட்டையில் பாருங்கள்
புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் பைனாகுலரோடு நிற்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும்: கடலிலிருந்து எழும் சூரியன் எவ்வளவு சிவப்பாக, சாதுவாகத் தெரிந்தாலும் பைனாகுலர் வழியாக அதைப் பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது, பாதிப்பு பிறகுதான் புரியும். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் அதே ஆபத்துதான், லென்ஸ் குவிக்கும் வெப்பத்தில் அந்தப் படலம் பொசுங்கிவிடும்.

சரி, வேறு என்ன வழி? மொட்டை மாடியில் கேமரா முக்காலி (ட்ரைபாட்) போட்டு பைனாகுலரைப் பொருத்துங்கள். முன்பக்க லென்ஸ் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைச் சூரியன் பக்கம் திருப்புங்கள், குறி பார்க்கக் கண்ணை வைக்க வேண்டாம், பைனாகுலரின் நிழல் மிகச் சிறிதாகும் வரை அசைத்தாலே போதும். கண் வைக்கும் பக்கத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து ஃபோகஸ் செய்தால், 10×50 பைனாகுலரில் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம்) சுமார் நாலரை சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியன் அட்டையில் விழும். வட்டத்துக்குள் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் அட்டையை லேசாக ஆட்டிப் பாருங்கள், அட்டையோடு சேர்ந்து நகர்ந்தால் அது அழுக்கு, வட்டத்தோடு நின்றால் சூரியப் புள்ளி, அதாவது சூரியனின் மேற்பரப்பில் சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்து கறுப்பாகத் தெரியும் இடம். பெரிய புள்ளிகள் பூமியைவிட அகலமானவை, பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்!

ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை பைனாகுலரைத் திருப்பி ஆறவிடுங்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் உருகலாம். அப்புறம், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடிகூட அங்கிருந்து நகராதீர்கள். நேரடியாகத்தான் பார்க்க வேண்டும் என்றால் சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை முன்பக்க லென்ஸ் இரண்டிலும் பொருத்துங்கள், காற்றில் கழன்றுவிடாதபடி டேப் போட்டு.