குறட்டை விடும் குழந்தைக்கு அண்ணம் விரிக்கும் கருவி: யாருக்கு, எப்படி

குழந்தை குறட்டை விட்டால் ‘அசந்து தூங்குகிறான்’ என்று விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். வாரத்தில் பல இரவுகள் குறட்டை, வாய் திறந்த தூக்கம், மூச்சு நின்று திடுக்கிட்டு வருவது, ஐந்து வயதுக்கு மேலும் படுக்கையை நனைப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் முதலில் போக வேண்டிய இடம் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். தொண்டையின் இருபக்கச் சதையான டான்சிலும், மூக்கின் பின்பக்கச் சதையான அடினாய்டும் வீங்கியிருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதல் வழி. அண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையை, விரிக்கும் கருவி அதற்கு மாற்று அல்ல.

தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் தூக்க ஆய்வின் முடிவில், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்ணைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 5 வரை கவலையில்லை. குழந்தைக்கு 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 10-க்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் கருவியை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

மேல் தாடை குறுகிய குழந்தைக்குத்தான் இந்தக் கருவி. அண்ணம் ஆழமாகக் குவிந்திருக்கும். கடித்தால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்பக்கமாக விழும். அண்ணம்தான் மூக்கின் தரை. அதை அகலப்படுத்தினால் மூக்கின் உள்வழி விரியும், நாக்குக்கும் இடம் கிடைக்கும். 2004-இல் பிரெல்லியும் கில்மினோவும் வெளியிட்ட ஆய்வில் 31 குழந்தைகளின் சராசரி எண் 12.2-லிருந்து 1-க்குக் கீழே இறங்கியது. ஆனால் அவர்கள் அடினாய்டு வீக்கம் இல்லாத, தாடை குறுகிய குழந்தைகளாகப் பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். எல்லாக் குழந்தைக்கும் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அண்ணத்தின் நடுக்கோட்டில் உள்ள எலும்பு இணைப்பு பருவ வயதுக்குப் பிறகு இறுகிவிடும். அதனால் அதற்கு முன்பே செய்ய வேண்டும். பல் சீரமைப்பு மருத்துவர் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, நடுவில் ஸ்க்ரூ உள்ள கருவியைச் சிமெண்டால் ஒட்டுவார். அதன் பிறகு ஸ்க்ரூவைத் திருப்புவது வீட்டில் உங்கள் வேலை.

பெரும்பாலான ஸ்க்ரூக்களில் ஒரு திருப்பு சுமார் 0.25 மி.மீ. தினம் ஒன்றோ இரண்டோ திருப்பு, 6 மி.மீ. வேண்டுமென்றால் 24 திருப்பு. குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்து, டார்ச் அடியுங்கள். ஸ்க்ரூவைத் திருப்பும் சாவியில் நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவினால் தொண்டைக்குள் போய்விடக் கூடாது. முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்து, தொண்டைப் பக்கமாக முழுவதும் தள்ளுங்கள். அடுத்த துளை முன்னால் முழுசாகத் தெரிந்தால்தான் அந்தத் திருப்பு முடிந்தது. சாவியை எடுக்கும்போது முன்னால் இழுத்தால் ஸ்க்ரூ திரும்பவும் பின்வாங்கும். அது அடிக்கடி நடக்கும் பிழை. பின்பக்கமாகவே சாய்த்துக் கீழே இறக்கி எடுங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துத் திருப்பாதீர்கள்.

மூக்குத் தண்டிலும் பல்லிலும் சில நிமிடம் அழுத்தம் இருக்கும். வலி நீடித்தால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பார்க்க விகாரமாக இருந்தாலும் அண்ணம் பிரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம்; சில மாதங்களில் தானாகவே நெருங்கும். அதை மூட ரப்பர் பேண்ட் மாட்டவே கூடாது. அது வேரை நோக்கி ஏறிப் பல்லையே விழ வைத்துவிடும். இடைவெளியே விழாமல் கடைவாய்ப் பற்கள் வெளியே சாய்ந்தால் எலும்பு பிரியவில்லை. திருப்புவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு வேண்டாம். ஸ்க்ரூவுக்கு அடியில் சோறு சிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வளையம் ஆடினால் திருப்பாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

விரித்து முடிந்ததும் கழற்றிவிட முடியாது. நடுவில் புது எலும்பு நிரம்பும் வரை 3 முதல் 6 மாதம் ஸ்க்ரூ பூட்டப்பட்டபடியே இருக்கும். அவசரப்பட்டுக் கழற்றினால் தாடை பழையபடி குறுகும்.

கீழ்த்தாடை பின்தள்ளி இருக்கும் குழந்தைக்கு ‘ட்வின் பிளாக்’ போன்ற, தாடையை முன்னால் கொண்டுவரும் கழற்றி மாட்டும் கருவி தருவார்கள். மேசையில் கிடந்தால் பயனில்லை. சொன்ன மணிக்கணக்கு வாயில் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் பெரியவர்களுக்கான குறட்டைக் கருவியைக் குழந்தை வாயில் வைக்காதீர்கள். வளரும் தாடைக்கு அது பொருந்தாது.

குறட்டை நின்றதை மட்டும் வைத்து நோய் தீர்ந்ததாக முடிவு செய்யாதீர்கள். சத்தம் அடங்கிய பிறகும் மூச்சுத் தடை தொடரலாம். சிகிச்சை முடிந்ததும் தூக்க ஆய்வை மறுபடி கேட்டு வாங்குங்கள்; எண் 1-க்கு மேலேயே நின்றால் மூக்கு ஒவ்வாமையையும் அடினாய்டையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.