இரு மொழிகளின் வினைக்காலங்களை ஒப்பிடுவது எப்படி?

"தமிழில் காலம் மூன்று, ஜப்பானியத்தில் இரண்டு, சீனத்தில் ஒன்றுமில்லை" என்று எண்ணிக்கை போட்டால் ஒப்பீடு அதோடு நின்றுவிடும். இலக்கண நூல்கள் தரும் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, சூழலிலிருந்து தொடங்குங்கள். சுவீடன் மொழியியலாளர் எஸ்டன் டால் 1985இல் வெளியிட்ட 64 மொழிகளின் ஒப்பீடு இந்த வழியில் செய்யப்பட்டதுதான்.

'வா', 'சாப்பிடு' போன்ற அன்றாட வினைகள் இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் ஏழு சூழல்: இப்போது நடப்பது, தினமும் நடப்பது, இன்று காலை முடிந்தது, வெகுகாலம் முன் முடிந்தது, நாளை நடக்கவிருப்பது, பார்க்காமல் கேள்விப்பட்டது, நாளை ஒன்று முடிந்தபின் நடப்பது. அந்த மொழி பேசுபவரிடம் சூழலைச் சொல்லி, "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "இறந்தகாலம் என்ன?" என்று கேட்டால் பள்ளி வாய்பாடுதான் பதிலாக வரும்.

ஆறாவது சூழலை விட்டால் துருக்கிய மொழியின் முக்கியமான வேறுபாடு தப்பிவிடும். நேரில் கண்ட வருகைக்கு 'கெல்தி'. பிறர் சொல்லியோ தடயம் பார்த்தோ அறிந்ததற்கு 'கெல்மிஷ்'. ஏழாவது சூழல் சீனத்துக்காக. 'லே' இறந்தகாலக் குறி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் "நாளை சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்" என்பதிலும் அது வரும். அது காட்டுவது செயல் முடிந்ததை, காலத்தை அல்ல. ஜப்பானிய 'தபெரு' தினமும் சாப்பிடுவதற்கும் நாளை சாப்பிடுவதற்கும் பொது. நம் 'சாப்பிடுவான்' போலவே.

அடுத்தது பகுத்தல். அதிகம் தவறுவது இங்கேதான். வந்தான்: வா + த் + த் + ஆன். 'வா' குறுகியதும், சந்தித் தகரம் 'ந்' ஆனதும் விகாரம். காலம் காட்டுவது அடுத்துள்ள 'த்' மட்டுமே. "நாளை மழை வந்தால்" என்பதிலும் அந்த 'த்' இருக்கிறது, இறந்தகாலம் இல்லை. ஆகவே எச்சங்களை முற்றோடு கலக்காமல் தனி அட்டவணையில் எழுதுங்கள். கிளம்புமுன்பே சொல்லும் "இதோ வந்துட்டேன்" போன்றவற்றையும் பிழையென்று அடித்துவிடாதீர்கள். விரைவைக் காட்ட எதிர்காலச் செயல் இறந்தகால வடிவில் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது.

கடைசியாக, ஒரு மொழியின் வினை அமைப்பு எவ்வளவு சிக்கலானது என்று அளக்கும்போது இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதுங்கள்: பேசுபவர் காட்டியே ஆகவேண்டிய வேறுபாடுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் வடிவங்கள் எத்தனை. துருக்கிய 'கெல்தி'யில் உள்ள 'தி' எட்டு வடிவில் வரும். எது வரும் என்பதை முன்னுள்ள ஒலியே சொல்லிவிடும். தமிழில் த், ட், ற், இன் என்பவற்றில் எது வரும் என்று ஒலியை மட்டும் வைத்து எப்போதும் சொல்ல முடியாது: ஒரே மாதிரி முடிந்தும் 'விடு' விட்டான் ஆகும், 'எடு' எடுத்தான் ஆகும். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கினால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.