ரவுட்டரில் மட்டும் பாக்கெட் கணக்கு உதைத்தது

ஓப்பன்வர்ட் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ரவுட்டருக்காக, பாக்கெட்டுகளை எண்ணும் கர்னல் மாட்யூல் ஒன்றை, லினக்ஸில் பாக்கெட்டுகளைக் கையாளும் நெட்ஃபில்டரின் ஃபார்வர்ட் ஹுக்கில் (ரவுட்டரைக் கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் இடம்) எழுதியிருந்தேன். கியூஎமு எமுலேட்டரில் கணக்கு சரியாக வந்தது, நிஜ ரவுட்டரில் ஏற்றினால் பெரிய டவுன்லோடு ஓடும்போதும் முதல் சில பாக்கெட்டுகள் மட்டுமே பதிவாகின்றன, அப்புறம் சத்தமே இல்லை. பிழைச் செய்தியும் கிடையாது, அதுதான் எரிச்சல். இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் பட்டியலைப் பார்த்தால் அந்த டவுன்லோடு வரியில் ஆஃப்லோடு என்ற குறி. ஃபயர்வாலில் யாரோ சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கைப் போட்டு வைத்திருந்தார்கள். இணைப்பு நிலைத்ததும் பாக்கெட்டுகள் உள்ளே நுழையும் இடமான இன்கிரஸிலேயே, ஃப்ளோடேபிள் என்ற குறுக்குவழி அட்டவணை வழியாகக் கிளம்பிவிடும், ஃபார்வர்ட் பக்கமே வராது. அதை அணைத்ததும் கணக்கு ஒத்துப்போனது, ஆனால் சின்ன சிபியு திணறி வேகம் விழுந்தது. சரி என்று ஹுக்கையே இன்கிரஸுக்கு மாற்றினேன். ஃப்ளோடேபிளின் முன்னுரிமை 0, சிறிய எண்தான் முதலில் ஓடும், அதனால் என்னுடையதற்கு -10. இப்போது எல்லாம் பதிவாகிறது. ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கில் இது பலிக்காது, அங்கே பாக்கெட் சிபியுவையே தொடுவதில்லை.